பெரிய பொன்சாய் மரங்களுக்கு ஏற்ற மண்ணும் தொட்டியும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலருடைய வளவுகளிற் சிறு மரங்கள் சில கவனிப்பாரின்றி நின்று முதிர்வதைக் காணலாம். வேலியோரத்துப் புளி, கிணற்றடியில் நிற்கும் மாதுளை, காய்ப்புக் குறைந்த தேசி, மதிலில் முளைத்த ஆல் அல்லது அரசு என்பன அவற்றுட் சில. வீடு கட்டும்போதும் மதில் திருத்தும்போதும் இவை வெட்டி எறியப்படுகின்றன. இவற்றைத் தக்க முறையிற் கிளப்பி, அகன்ற தொட்டியில் நட்டு, கிளையையும் வேரையும் காலந்தோறும் கத்தரித்து வந்தால், மூன்று நான்கு அடி உயரமுள்ள அழகிய குறுமரங்களாக ஆக்கலாம். இத்தகைய மரங்கள் வீட்டு முன்றிலுக்கு அழகு தருவதோடு, விரும்பி வாங்குவோர் கிடைக்குமிடத்து மேலதிக வருவாயையும் தரும்.

ஆயினும், இம்முயற்சியில் இறங்கிய பலர் முதல் மாரியிலேயே மரத்தை இழந்து விடுகின்றனர். இலை மஞ்சளாகி உதிர்கின்றது. நுனிக் கிளைகள் காய்கின்றன. கிளப்பிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருக்கின்றது. நோய் வந்ததென்று மருந்து தெளிப்பதாற் பயனில்லை. வயலில் நல்ல விளைவு தரும் மண்ணே தொட்டிக்கும் நல்லதென்று எண்ணி, அதனை அள்ளி நிரப்பியதே இவ்விழப்பிற்குப் பெரும்பாலும் காரணமாகும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஒரு மாரியில் இழக்காதிருக்க வேண்டுமாயின், தொட்டியினுள் நீர் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

பொன்சாய் என்பது யாது?

பொன்சாய் என்னும் யப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நடப்பட்டது என்பது பொருள். சீனாவில் தோன்றிய இக்கலை யப்பானில் தனி முறையாக வளர்ச்சியுற்றது. கையளவு மரங்களே பொன்சாய் என்று எண்ணுதல் தவறு. மூன்று நான்கு அடி உயரமுள்ள மரங்களும் இதில் அடங்கும். மரத்தைத் தூக்குவதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதைக் கொண்டு இருகை மரம், நாற்கை மரம் என அளவு கூறும் வழக்கமும் உண்டு.

இக்கலையில் மண்ணுக்குள்ள முதன்மையை ஒரு செய்தியால் விளங்கிக்கொள்ளலாம். 1923 ஆம் ஆண்டில் ஏற்பட்ட பெரும் பூமியதிர்ச்சியின் பின்னர், தோக்கியோ நகரிற் பொன்சாய் வளர்த்த தொழிலாளர் சிலர், நல்ல மண்ணும் நீரும் காற்றும் உள்ள இடத்தைத் தேடி அந்நகருக்கு வடக்கேயுள்ள ஓமியா என்னும் ஊரிற் குடியேறினர். 1925 ஆம் ஆண்டில் அங்கே பொன்சாய்க் கிராமம் ஒன்று உருவாயிற்று. அது இன்றும் உள்ளது. யப்பானியர் தொட்டிக்குப் பயன்படுத்தும் அக்கடாமா என்பது எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் உருண்டையாகும். அதன் சிறப்பு, ஒவ்வோர் உருண்டையும் தன்னுள்ளே நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, உருண்டைகளுக்கிடையே காற்றுக்கு வழி விடுவதாகும். இதனை நாம் பெரும் பொருள் செலவிட்டு இறக்குமதி செய்யவேண்டியதில்லை. இதே வேலையைச் செய்யக்கூடிய பொருள்கள் நம் வளவிலேயே உள்ளன.

வயல் மண் தொட்டிக்கு ஏன் ஆகாது?

நெற்பயிர் சேற்றிலும் செழித்து வளர்வதை நீங்கள் அறிவீர்கள். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழாய்கள் போன்ற இடைவெளிகள் உள. இலைகள் பெறும் காற்று இவற்றின் வழியாக வேருக்கு இறங்குகின்றது. ஆதலால் மண்ணிற் காற்று இல்லாவிடினும் நெல்லின் வேர் உயிர் வாழும். தேசி, மாதுளை, புளி முதலிய மரங்களுக்கு இவ்வசதி இல்லை. அவற்றின் வேர்கள் மண்ணின் இடைவெளிகளில் உள்ள காற்றையே சுவாசிக்க வேண்டும். அவ்விடைவெளிகள் பல நாட்களுக்கு நீரால் நிறைந்திருப்பின் வேர் மூச்சடைத்து இறக்கும். இறந்த வேரை அழுகல் நோய்கள் பற்றிக்கொள்ளும்.

அவ்வாறாயின், அதே மண்ணில் நிலத்தில் நிற்கும் மரம் எவ்வாறு பிழைக்கின்றது என்று நீங்கள் வினவலாம். மேட்டு நிலத்தில் மண் பல அடி ஆழத்துக்குத் தொடர்ந்து செல்கின்றது. மேலே பெய்த மழை நீரை ஆழத்திலுள்ள மண் கீழ்நோக்கி இழுத்துக்கொள்கின்றது. தொட்டியிலோ அத்தொடர்ச்சி அறுபட்டு விடுகின்றது. அடியிலே துளை இருப்பினும், மண் தன் நுண்ணிய இடைவெளிகளிற் பிடித்து வைத்திருக்கும் நீர் முழுவதும் வெளியேறாது. தொட்டியின் அடியிலிருந்து குறித்த ஓர் உயரம் வரைக்கும் மண் நீரால் நிறைந்தே நிற்கும். அவ்வுயரத்தைத் தீர்மானிப்பது மண் துணிக்கைகளின் பருமனாகும். துணிக்கை சிறிதானால் நனைந்த படை உயரும். துணிக்கை பருத்தால் அது தாழும். தொட்டியின் ஆழம் கூடினாலும் குறைந்தாலும் அப்படையின் உயரம் மாறுவதில்லை.

இதனை ஓர் உதாரணத்தாற் காண்போம். ஒரு மண்ணில் மூன்று அங்குல உயரத்துக்கு நீர் தேங்கி நிற்கும் எனக் கொள்வோம். அம்மண்ணை 12 அங்குல ஆழமுள்ள தொட்டியில் இட்டால், மேலுள்ள 9 அங்குலத்தில் வேர் சுவாசிக்கலாம். 6 அங்குலத் தொட்டியில் இட்டால் 3 அங்குலம் மாத்திரமே எஞ்சும். 3 அங்குலத் தட்டில் இட்டால் வேருக்கு மூச்சுவிட இடமே இல்லை. ஆழமான பூச்சாடியில் தீங்கின்றி வளர்ந்த செடி, அதே மண்ணுடன் ஆழமற்ற பொன்சாய்த் தட்டுக்கு மாற்றப்பட்டதும் அழுகுவதன் காரணம் இதுவே. தொட்டியின் ஆழம் குறையக் குறைய மண் பருமனாதல் வேண்டும் என்பதை நன்கு மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

முருங்கன் பகுதியிலுள்ள கரிய களிமண்ணும், வயல்களின் தாழ்நில மண்ணும் இவ்வகையில் மிகவும் தீயன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் நிலத்தில் நன்கு நீர் வடியச் செய்யுமாயினும், தொட்டியில் நாள்தோறும் நீர் ஊற்ற அதன் கட்டமைப்புக் குலைந்து இறுகிவிடும்.

அடியிற் கல் பரப்புதல் பயன்படுமா?

நீர் வடிவதற்கெனத் தொட்டியின் அடியில் இரண்டு மூன்று அங்குலத்துக்குக் கல் பரப்பி, அதன்மேல் வயல் மண் இடும் வழக்கம் எங்கும் உண்டு. இதனாற் பயனில்லை. நுண்ணிய மண்ணிலுள்ள நீர், அம்மண் முற்றாக நிறையும் வரையில், கீழேயுள்ள பருங்கல்லின் இடைவெளிக்குள் இறங்காது. ஆகவே நனைந்த படை கல்லுக்கு மேலே நிற்கும். வேருக்குரிய இடமும் அந்த அளவுக்குக் குறையும். தொட்டியின் மேலிருந்து அடிவரையும் ஒரே கலவையை இடுதலே முறையாகும்.

களிமண்ணுடன் சிறிது மணலைச் சேர்த்து அதனைத் திருத்தலாம் என்பதும் அத்தகைய பிழையான எண்ணமே. மேசன் சல்லியையும் மணலையும் சீமெந்தையும் சேர்ப்பது பெரியவற்றின் இடைவெளியைச் சிறியவற்றால் அடைப்பதற்காக. களிமண்ணையும் மணலையும் சேர்க்கும் கமக்காரரும் தம்மையறியாமல் அதையே செய்கின்றார். இடைவெளி திறந்திருக்க வேண்டுமாயின் துணிக்கைகள் ஏறத்தாழ ஒரே பருமனாய் இருத்தல் வேண்டும். தூள் நீக்கப்படுதல் வேண்டும்.

கலவைக்கு வேண்டிய பொருள்கள்

1. உடைத்த ஓடு அல்லது செங்கல்: பழைய களிமண் ஓடும் நன்கு வெந்த செங்கல்லும் ஏற்றவை. இவை நீரைத் தம்முள் உறிஞ்சி, வேருக்குச் சிறிது சிறிதாய்க் கொடுக்கும். சரியாக வேகாத கல் ஒரு மாரியிற் கரைந்து சேறாகும்; ஓர் இரவு நீரில் ஊறவைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும். சாந்து ஒட்டிய கல்லை நீக்குக. உடைக்கும்போது நீர் தெளித்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. கூரையிலிருந்து கழற்றிய அஸ்பெஸ்டஸ் தகட்டை எக்காரணங்கொண்டும் உடைக்கலாகாது. அதன் தூள் நுரையீரலுக்குக் கொடிய தீங்கு விளைக்கும்.

2. கருங்கற் சல்லி அல்லது பருமணல்: பாரத்தைக் கொடுத்து மரத்தை நிலைநிறுத்தும். ஆற்றுமணலாயின் அரித்து எடுத்த பரும்பகுதி மாத்திரம் உதவும். கடல் மணலில் உப்பும், முருகைக்கல், சிப்பி, சுண்ணாம்புக்கல் என்பவற்றின் துண்டுகளிற் சுண்ணாம்பும் இருப்பதால் அவற்றை விலக்குக. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் தேசி முதலிய மரங்கள் இரும்புச்சத்தைப் பெறமாட்டாமல், நரம்பு மாத்திரம் பச்சையாயிருக்க இலை வெளிறும்.

3. கரியாக்கிய உமி: நெல் ஆலையில் எளிதிற் பெறலாம். உமி கறுத்ததும் நீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும். வெண்சாம்பலாக எரிந்தது கலவையை அடைக்கும்.

4. கூட்டெரு: நன்கு மக்கி, மண்மணம் வீசும் கூட்டெருவை அரித்து எடுக்குக. மக்காத மாட்டெரு சூடேறி வேரைக் கெடுக்கும். கூட்டெருவுக்குப் பதிலாகத் தும்புத்தூளையும் இடலாம். உவர் நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த தும்புத்தூளில் உப்பிருக்கும். நன்னீரில் மூன்று நான்கு முறை கழுவிய பின்னரே அதனைப் பயன்படுத்துக.

ஓடும் சல்லியும் மணலும் இருமுறை அரிக்கப்படல் வேண்டும். முதலிற் கால் அங்குலக் கண்ணுள்ள அரிதட்டில் இட்டு, அதில் தங்குவனவற்றை மறுபடியும் உடைக்குக. கீழே விழுந்தவற்றை நுளம்பு வலை போன்ற சிறுகண் வலையில் இட்டு அரித்து, தூளை அகற்றுக. வலையில் எஞ்சுவதே, அதாவது ஏறத்தாழ 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை பருமனுள்ளதே, தொட்டிக்குரியது. அகற்றிய தூளை வீசவேண்டியதில்லை. அதனை வளவின் நடைபாதைக்கு இடலாம்.

கலவையின் அளவு

ஒரே கடகத்தால் அளந்து கலத்தல் எளிது. மொத்தம் பத்துக் கடகம் கலவைக்கு:

உலர்வலயத்தில்: உடைத்த ஓடு அல்லது செங்கல் 4 கடகம், சல்லி அல்லது பருமணல் 3 கடகம், கரியாக்கிய உமி 1 கடகம், கூட்டெரு 2 கடகம்.

ஈரவலயத்திலும் மலைநாட்டிலும்: உடைத்த ஓடு அல்லது செங்கல் 4 கடகம், சல்லி அல்லது பருமணல் 4 கடகம், கரியாக்கிய உமி 1 கடகம், கூட்டெரு 1 கடகம்.

நாள்தோறும் இருமுறை நீர் ஊற்ற இயலாதவர் கூட்டெருவை மேலும் கூட்ட விரும்புவர். அங்ஙனம் செய்யாது, தொட்டியின் ஆழத்தைக் கூட்டுதலே நன்று.

கலவையைச் சோதிப்பதற்கு, அதனைத் தொட்டியில் நிரப்பி ஒரு வாளி நீரை ஊற்றுக. நீர் மேலே குளம்போல் நிற்காமல் உடனே இறங்கி, துளைகளால் ஒழுகுதல் வேண்டும். வடிந்து முடிந்த பின்னர் தொட்டியின் ஒரு தலைப்பை உயர்த்தி, அதன்கீழ் இரண்டு செங்கற்களை வைக்குக. சாய்ந்த நிலையில் மேலும் நீர் ஒழுகுவதைக் காண்பீர்கள். அதுவே அடியில் தேங்கி நின்ற நீராகும். சிறிதளவே ஒழுகின் கலவை நன்று. பெருக ஒழுகின் மறுபடியும் தூளை அரித்து நீக்குக.

தொட்டியைத் தெரிதல்

மரத்தை வளர்த்து உருவாக்கும் ஆண்டுகளுக்கு ஒரு தொட்டியும், உருவான பின்னர் காட்சிக்கு வைப்பதற்கு வேறொரு தொட்டியும் வேண்டும். வளர்க்குந் தொட்டி மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் ஒன்பது அங்குல ஆழமும் உள்ளதாயின் பெரிய மரத்துக்குப் போதும். காட்சித் தொட்டியின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காகவும், ஆழம் அடிமரத்தின் குறுக்களவுக்குச் சமனாகவும் இருத்தல் மரபாகும். எமது வெயிலுக்கு அவ்வாழத்தை ஓரிரு அங்குலம் கூட்டிக்கொள்வது நல்லது.

மேற்கூறிய வளர்க்குந் தொட்டி நாலரைக் கன அடி கொள்ளும். நனைந்த கலவை கன அடிக்கு ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறுக்கும். எனவே கலவை மாத்திரம் 180 கிலோகிராம் ஆகும். நிரப்பிய பின்னர் நகர்த்துவது கடினமாதலால், இடத்தை முன்னரே தெரிந்து, சீமெந்துக் கற்களின்மேல் தொட்டியை அமைத்த பின்னரே மண்ணிடுக.

வாய் குறுகி வயிறு பருத்த சாடிகளை விலக்குக. வேர் நிறைந்த பின்னர் சாடியை உடையாமல் மரத்தை எடுக்க முடியாது. சுவர் நேராகவோ வெளிப்புறம் சாய்ந்தோ இருத்தல் வேண்டும்.

சுட்ட மண் தொட்டி வேரைக் குளிர்ச்சியாய் வைத்திருக்கும். ஆனால் பெரிய அளவில் எளிதில் உடையும். சீமெந்துத் தொட்டியைக் கம்பிவலை வைத்து நீங்களே வார்க்கலாம். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியுமாதலால், துளைகளை அடைத்து நீர் நிரப்பி, நீரை மாற்றி மாற்றி மூன்று கிழமைகள் ஊறவிட்ட பின்னரே மரம் நடுக. பலகைப் பெட்டி வளர்க்குந் தொட்டியாகச் சிறந்தது. கறையான் ஏறாமற் கல்லின்மேல் வைக்குக. பழைய இயந்திர எண்ணெயை உட்புறம் பூசலாகாது. பாதியாக வெட்டிய பிளாத்திக்குப் பீப்பாய் மலிவானது. உணவுப் பொருள் வந்த பீப்பாயாகத் தெரிக. விவசாய இரசாயனம் இருந்ததைத் தொடவே வேண்டாம். கறுத்த பீப்பாயும் இரும்புப் பீப்பாயும் வெயிலில் மிகவும் சூடேறும். ஏறத்தாழ 40 பாகை வெப்பத்துக்கு மேல் வேர் பழுதடையுமாதலால், அவற்றின் வெளிப்புறத்துக்கு வெள்ளை பூசுக.

அடியிலே அரையடிக்கு ஒன்றாக, ஓர் அங்குல அகலமுள்ள துளைகளை இடுக. மூன்றடித் தொட்டிக்கு எட்டுத் துளைகளேனும் வேண்டும். ஒவ்வொன்றையும் பிளாத்திக்கு வலைத் துண்டால் மூடுக. தொட்டிக்குக் கீழே இரண்டு அங்குல இடைவெளி இருத்தல் அவசியம். நிலத்தோடு ஒட்டிய துளை அடைபட்ட துளையே.

தொட்டியின் கீழ் நீர் ஏந்தும் தட்டு வைத்தல் வேண்டாம். அது வேருக்குத் தீங்கானது, நுளம்புக்கும் இருப்பிடமாகும். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஓர் இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் என்பதை மறத்தலாகாது. நுளம்பு பெருகும் வகையில் வளவில் நீர் தேங்கவிடுதல் 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமுமாகும்.

நடுதலும் பராமரித்தலும்

உலர்வலயத்திற் புரட்டாதி மாதக் கடைசியில், மாரி தொடங்கச் சற்று முன்னர் நடுதல் வசதியானது. வேரிலே பற்றியுள்ள பழைய களிமண்ணை முதல் ஆண்டில் ஒரு பக்கத்திலும் அடுத்த முறை மறு பக்கத்திலும் நீக்குக. முழுவதையும் ஒரே நாளிற் கழுவினால் மரம் தாங்காது. களிமண் கட்டி நடுவிலும் பருங்கலவை சுற்றிலும் இருக்கும் காலத்தில், நடுப்பகுதி ஈரமாயிருக்கின்றதா என விரலால் தொட்டுப் பார்த்தே நீர் ஊற்றுக. துளைகளின் வழியே கம்பியைக் கோத்து அடிமரத்தைத் தொட்டியோடு கட்டிவிடுக. சோளகக் காற்றில் ஆடும் மரத்தின் புதுவேர்கள் அறுந்துவிடும்.

நீர் ஊற்றும்போது துளைகளால் ஒழுகும் வரையில் ஊற்றுக. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரிற் சுண்ணாம்பு மிகுதி. தொட்டியின் விளிம்பில் வெள்ளை படிவது அதன் அடையாளம். இயன்றவரை மழைநீரைச் சேகரித்து, மூடிய பாத்திரத்தில் வைத்துப் பயன்படுத்துக. இக்கலவை பசளையை நெடுநாள் பிடித்து வைத்திராது. ஆகவே பசளையைச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் வேண்டும். வயலுக்கு வீசுவதுபோல் யூரியாவைக் கைப்பிடியாக இட்டால் வேர் கருகும்.

அடைமழைக் காலத்திலே தொட்டியின் ஒரு தலைப்பை முன்னர் கூறியவாறு இரண்டு செங்கற்களால் உயர்த்தி வைக்குக. செலவில்லாத இச்சிறு செயல் பல மரங்களைக் காப்பாற்றும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தைக் கிளப்பி, வேரில் மூன்றிலொரு பங்கைக் கத்தரித்து, தூளாகிப்போன கலவையை மாற்றுக.

மிளகாய், கத்தரி முதலியவற்றைச் சாடியில் வளர்ப்போருக்கும் நாற்றுத் தட்டு வைத்திருப்போருக்கும் மேற்கூறிய நீர் விதி பொருந்தும். ஆழமற்ற நாற்றுத் தட்டிற் களிமண் இட்டால் நாற்றழுகல் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. வயலுக்கு நல்ல மண் தொட்டிக்கு நல்லதன்று.
2. தொட்டி ஆழங் குறைந்ததாயின் மண் பருமனாயிருத்தல் வேண்டும்.
3. தூளை அரித்து நீக்குக. அடியிற் கல் பரப்பாதீர்கள்.
4. கடல் மணல், முருகைக்கல், அஸ்பெஸ்டஸ், இரசாயனப் பீப்பாய் என்பவற்றை விலக்குக.
5. துளைகள் பலவாகவும், தொட்டி நிலத்திலிருந்து உயர்ந்தும் இருக்கட்டும்.
6. அடைமழையில் தொட்டியைச் சாய்த்து வைக்குக.

ஒதுக்குக் காடுகளிலிருந்து அனுமதியின்றி மரங்களைக் கிளப்புதல் சட்டவிரோதமானது. உங்கள் வளவில் நிற்பவற்றையே தெரிந்துகொள்ளுங்கள். முதலிற் காய்ப்புக் குறைந்த ஒரு மரத்தில் இம்முறையைக் கையாண்டு, ஒரு மாரியைக் கடந்த பின்னர் ஏனையவற்றில் ஈடுபடுங்கள். மண் பற்றியோ வேரழுகல் பற்றியோ ஐயம் உண்டாயின், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுங்கள்.